பந்து வெளியே போகவில்லை

இப்போது போய்விடும், இதோ, அந்த ராஜபாளையத்து நெட்டைப் பெண்ணின் விரலில் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டிவிடும், நடுவர் விசில் ஊதுவார், மேசையில் இருக்கிற பெரியவர் ஹாரனை அமுக்குவார், நாற்காலியில் காத்திருக்கிற இன்பென்டா எழுந்து உள்ளே ஓடுவாள், செண்பகா வெளியே வந்துவிடுவாள், வந்து என் பக்கத்தில் இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் போதும், அதற்குமேல் இந்தக் கூடைப்பந்துக் கோப்பையை யார் தூக்கிக்கொண்டு போனாலும் எனக்குக் கவலையில்லை. இல்லை. பிடித்துவிட்டாள். கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் ஒற்றைக்காலில் நின்று, விழாமல், எப்படித்தான் பிடித்தாளோ பாவி, கூட்டம் ஓவென்று கத்துகிறது. இந்த ஊர்க் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும், அதுதான் சனியன், வேறு ஊராக இருந்தால் பாதிப்பேர் டீக்கடைக்குப் போயிருப்பார்கள். நான் ஆள் மாற்றக் கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “பந்து டெட் ஆகட்டும் மேடம், உடனே மாத்திருவோம்” என்றார். பந்து உயிரோடு இருக்கிறவரை ஆளை மாற்றக் கூடாது, அதுதான் விதி. யாராவது ஃபவுல் செய்ய வேண்டும், அல்லது பந்து வெளியே போக வேண்டும். கூடையில் விழுந்தால் கூடப் போதாது, விழுந்த பந்தை எதிராளி எடுத்துக் கோட்டுக்குப் பின்னாலிருந்து போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருப்பாள், கடைசி இரண்டு நிமிஷத்தில்தான் அதற்குச் சலுகை, அதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இதையெல்லாம் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், டெட் ஆகணும், டெட் ஆகணும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்தச் சொல்லை இன்று யாரும் என் காதில் போடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். மைக்கில் பேசுகிறவருக்கு ஒரே குஷி. “இரு அணிகளும் சளைக்காமல் ஆடுகின்றன, கோவில்பட்டி மகளிர் கல்லூரியின் பயிற்சியாளர் தமயந்தி அவர்கள் எழுந்து நிற்கிறார்கள், புதிய வியூகம் ஏதோ வகுக்கிறார்கள் போலிருக்கிறது!” வியூகமாம். உட்கார்ந்தால் செண்பகா கண்ணில் படமாட்டாள், அதனால் நிற்கிறேன்.

மூன்றாவது குவார்ட்டர் முடிகிறவரை நான் சும்மா தோற்றுவிடுவோமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், என்ன சொகுசான பயம் அது. இடைவேளையில் செண்பகாவின் அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார், முப்பிடாதி அக்கா, மிட்டாய்க் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு மகள் ஆடுகிற ஃபைனலைப் பார்க்கக் காலையிலேயே பஸ் ஏறி வந்தவர், எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொண்டுவந்திருக்கிறார். மகள் தண்ணீர் குடித்துவிட்டுத் தள்ளிப் போனதும் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார். “காலு அப்படியே அவ சித்தப்பனுக்கு உள்ளது மிஸ். எங்க கொழுந்தனாரும் இப்படித்தான், வாலிபால்ல அடிக்கக் குதிச்சா ஊரே வாயப் பொளந்துட்டுப் பாக்கும். அப்படிக் குதிச்ச மனுசன் எறங்கையில பொணமாத்தான் எறங்குனாரு. இருவத்திமூணு வயசு, ஒரு நோய் நொடி கெடையாது. யாரு கண்ணு பட்டுச்சோ. அதான் இவளுக்குச் சுத்திப்போடாம நான் வெளியூருக்கு அனுப்புறதில்ல.” எனக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை, ஐயோ பாவம் என்றுகூட வாய் சொன்னது, அதற்குப் பிறகுதான் நேற்று பார்த்தது ஞாபகம் வந்தது. நேற்று செமிஃபைனல் முடிந்து எல்லாரும் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் செண்பகா கிடந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். தட்டித் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தவள் முதலில் “வழுக்கிட்டு மிஸ்” என்றாள். வழுக்கி விழுந்தவள் உதடு ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று அதட்டியதும், “நெஞ்சு படபடன்னு அடிச்சு அப்படியே இருட்டிட்டு வந்துச்சு. காலைல சாப்பிடல, அதான்” என்றாள். முன்னால் வந்திருக்கிறதா? “ஒரு தடவ. இல்ல, ரெண்டு தடவ. அம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ், நாளைக்கு செலக்டர்ஸ் வாராங்க.” நான் என்ன செய்தேன்? குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன், இட்லி வாங்கிக் கொடுத்தேன், தலையைத் தடவி, யார்ட்டயும் சொல்ல மாட்டேன், ஒழுங்காச் சாப்பிடுட்டி என்றேன். சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று அவள் சொன்னதை நம்பினேன், எனக்கு அதை நம்ப வேண்டியிருந்தது, அவள் இல்லாமல் எங்கள் அணி அரை அணி. மகள் மயங்கி விழுந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது, கொழுந்தன் செத்தது எனக்குத் தெரியாது, இரண்டும் இப்போது என் ஒருத்தி தலைக்குள் வந்து ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது. ஹாரன் அடித்தது. செண்பகா, நீ இரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாங்கள் ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். அந்த ஒரு புள்ளியைத்தான் பார்த்தேனா, இல்லை வாய் உலர்ந்துபோய்த்தான் சத்தம் வரவில்லையா, இப்போது நினைத்துப் பார்த்தால் தெரியவில்லை, அவள் உள்ளே போய்விட்டாள், பந்தை எடுத்துப் போட்டும்விட்டார்கள்.

அப்போதிருந்து ஒரு விசில் கிடையாது. போன மாசம் லீக் ஆட்டத்தில் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊதித் தள்ளிய அதே நடுவர், இன்று விசிலைக் கழுத்தில் நகை மாதிரி போட்டுக்கொண்டு ஓடுகிறார். டைம்-அவுட் கேட்கலாமென்றால் மூன்றையும் மூன்றாவது குவார்ட்டரிலேயே செலவழித்தாயிற்று, வரிசையாக நான்கு கூடை வாங்கினோம் என்ற ஆத்திரத்தில், பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்திக் கத்துவதற்காகவே செலவழித்தேன். கத்தி என்ன கிடைத்தது? இப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். “ஷாஜிதா! ஃபவுல் போடு! வேணும்னே புடி! ஏ ஷாஜிதா!” ஷாஜிதா எங்கள் கேப்டன், பத்தடி தூரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறாள், காது கேட்காமல் இருக்காது. திரும்பவில்லை. திரும்ப மாட்டாள். அப்படி வளர்த்து வைத்திருக்கிறேன். எங்கள் அணியில் ஆடும்போது பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறவள் மறுநாள் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஒரு கூடை தவறினால் உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள், பார்த்துப் பார்த்தே தோற்றார்கள், அதனால் போன வருஷம் இந்தச் சட்டம் போட்டேன். சொல்ல வேண்டியதை டைம்-அவுட்டில் சொல்வேன், ஆட்டம் நடக்கும்போது நான் என்ன கத்தினாலும் அது என் வயிற்றெரிச்சல், நீங்கள் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நானேதான் சொன்னேன். மற்ற கல்லூரி மாஸ்டர்கள் எல்லாம் வந்து, எப்படி மேடம் உங்க பிள்ளைங்க இவ்வளவு நிதானமா ஆடுது என்று கேட்டபோது தோளைக் குலுக்கிக்கொண்டு நின்றேன். இந்தச் சட்டத்துக்காக அதிகம் ஓடியவளே செண்பகாதான். ஐயோ, அவளை நான் எவ்வளவு ஓடவிட்டிருக்கிறேன். ஏப்ரல் வெயிலில், வாந்தி வருது மிஸ் என்றாளே ஒருநாள், வந்தா எடுத்துட்டு ஓடு என்றேன், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சீசன் ஆரம்பத்தில் உடல்தகுதிக்காக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அவர் யாரிடமோ ஃபோனில் மனை விலை பேசிக்கொண்டே பன்னிரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஒருத்தி நெஞ்சிலும் குழாயை வைக்கவில்லை, நான் எதிரே உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன், வேலை சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். இப்போது யாரைத் திட்டுவது? “ஷாஜிதா!” தொண்டை கிழிகிறது. கூட்டத்தில் ஒரு கூட்டாளிப் பட்டாளம் எண்ணெய் டின்னைத் தட்டுகிறது. செண்பகா கூடைக்குக் கீழே இருந்து எதிர்ப்பக்கம் முழுக் களத்தையும் ஓடிக் கடக்கிறாள், ஓடாதேட்டி, நடந்து போ, உன் ஆள் கூடை போட்டால் போட்டுவிட்டுப் போகிறாள், நட.

ஒன்றும் இருக்காது. இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். வெயில், பசி, மாசாமாசம் வருகிற சோர்வு, வயசுப் பிள்ளைகள் மயங்கி விழுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, ஒவ்வொரு முகாமிலும் யாராவது ஒருத்தி விழத்தான் செய்கிறாள், எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தால் எழுந்து ஓடுகிறாள். சித்தப்பன் செத்தது எந்தக் காலத்துக் கதை, அவருக்கு என்ன இருந்ததோ, யார் அறுத்துப் பார்த்தார்கள்? நான் என்ன டாக்டரா? இரண்டு துண்டுத் தகவலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? அதோ மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், இந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் யாரைப் பார்க்கிறார்களோ அவள்தான் போவாள், போனால் போலீஸ், ரயில்வே என்று கதவு திறக்கும், செண்பகாவுக்கு இது கடைசி வருஷம். மிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற அம்மாவை இனி வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் அவளுக்கு ஒரே பேச்சு. அவர்கள் இப்போது அவளைத்தான் பார்க்கிறார்கள், ஒருவர் மற்றவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறார், தலையாட்டுகிறார். எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்? இப்படி அவள் ஆடி நானே பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னாலேயே பந்தைக் கொடுக்கிறாள், ஷாஜிதா வாங்குகிறாள், திருப்பிக் கொடுக்கிறாள், கூடை. ஒரு புள்ளி முன்னால் போய்விட்டோம், முப்பிடாதி அக்கா எழுந்து நின்று கைதட்டுவது கேட்கிறது, “ஏ செம்பகா! ஏ என் தாயீ!” நான் ஐந்து வருஷமாகக் கெஞ்சிக் கேட்ட ஆட்டம் இது, வீணாக ஒரு பாஸ் கிடையாது, அவசரமான ஒரு தள்ளல் கிடையாது, கோட்டுக்கு வெளியே ஒரு பந்து கிடையாது, கொடுத்துவிட்டார்கள், கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள், எனக்கு இப்போது அது வேண்டாம். அவள் கையை முழங்காலில் ஊன்றுகிறாள். எல்லாரும்தான் ஊன்றுவார்கள். பனியனின் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுத்துவிடுகிறாள், காற்றுக்காக, இல்லை நெஞ்சுக்காக? உதடு என்ன நிறத்தில் இருக்கிறது? இங்கிருந்து எப்படித் தெரியும், எனக்குத் தூரம் தெரியக் கண்ணாடி போடச் சொல்லி வருஷம் இரண்டாகிறது. உள்ளே போய்விடலாம். கோட்டைத் தாண்டி நான் காலை வைத்தால் ஆட்டம் நின்றுவிடும், நின்றே ஆக வேண்டும். டெக்னிக்கல் ஃபவுல், எதிரிக்கு ஒரு இலவச வீச்சு, ஃபைனலில், ஒரு புள்ளி முன்னால் இருக்கும்போது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு டெக்னிக்கல் வாங்கியதில்லை, தமயந்தி மேடம் தங்கமான மனுஷி என்று நடுவர்கள் சொல்வார்கள், அந்தத் தங்கத்தைக் கழற்றிக் கொடுக்க எவ்வளவு பயமாக இருக்கிறது பார். சிரிப்பார்கள். பொம்பளைக் கோச்சுக்குப் பதற்றம் தாங்கவில்லை, களத்துக்குள் ஓடிவந்துவிட்டது என்று பஸ்ஸில் போகும்போது பேசிச் சிரிப்பார்கள். அவள் விழவில்லையென்றால் நான் பைத்தியக்காரி. விழுந்தால் நான், விழுந்தால், அதற்கு ஒரு பேர் இருக்கிறதா? இதோ இந்தப் பந்து வெளியே போய்விடும், இந்த ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறேன், நெட்டைப் பெண் எறிகிறாள், போர்டில் பட்டு எகிறுகிறது, வெளியே, வெளியே, வெளியேதான் போகிறது, விட்டுவிடு, எல்லாரும் விட்டுவிட்டார்கள். செண்பகா விடவில்லை. எம்பிவிட்டாள்.

அவள் இறங்குவதை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது, திறந்தபோது மஞ்சள் கோடு எனக்குப் பின்னால் இருந்தது, நான் களத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன், இல்லை, நடந்துகொண்டிருந்தேன், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, ரோட்டில் லாரியை மறிக்கிறவள் மாதிரி. இப்போது ஊதினார்கள், இரண்டு நடுவரும் சேர்ந்து ஊதினார்கள், எவ்வளவு நல்ல சத்தம் அது. டின் சத்தம் நின்றது. “மேடம், மேடம்! என்ன பண்றீங்க? வெளிய போங்க மேடம்!” நடுவர் ஒரு கையை இன்னொரு கைமேல் வைத்துக் காட்டினார், டெக்னிக்கல். கொடுங்கள் ஐயா, இரண்டாகக் கொடுங்கள். “ஆள் மாத்தணும்” என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. செண்பகா பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், இரண்டு காலில், நன்றாக நின்றாள், வியர்வை சொட்டிக்கொண்டு, ஜொலித்துக்கொண்டு, அவளைப் போல் ஆரோக்கியமான ஜீவன் அந்த மைதானத்தில் வேறு இல்லை என்று சத்தியம் செய்யலாம். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, வெட்கம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஹாரன் அடித்தது. இன்பென்டா உள்ளே ஓடினாள். செண்பகாவைத் தோளைப் பிடித்து நான் வெளியே கூட்டிவந்தேன், வரமாட்டேன் என்று கையை உதறினாள், கூட்டம் ஊளையிட்டது, மைக்கில் பேசுகிறவர் சொல்ல ஒன்றும் அகப்படாமல் இருமினார். நெட்டைப் பெண் இலவச வீச்சை அலட்டிக்கொள்ளாமல் போட்டாள், சரிசமம். வெள்ளைத் தொப்பிக்காரர்களில் ஒருவர் எங்களைப் பார்த்தார், அப்புறம் வேறு யாரையோ பார்க்க ஆரம்பித்தார்.

பெஞ்சில் உட்கார வைத்தேன். உட்கார மாட்டேன் என்றாள், அமுக்கி உட்கார வைத்தேன். நடந்து முடிந்தது இவ்வளவுதானா, இனி பயப்பட வேண்டாமா என்று மனசைக் கேட்டால் அது இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, ஓடும்போது வராதது உட்கார்ந்த பிறகு வந்தால்? முப்பிடாதி அக்கா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, “என்னாச்சு மிஸ், நல்லாத்தான ஆடிக்கிட்டிருந்தா?” என்றார், மிட்டாய்ப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது. “ஒரு ஆட்டோ புடிங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், எனக்குத்தான் முடியல, கூட வாங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பி, மைதானத்து வாசல் பக்கம் ஓடினார். செண்பகா நம்பவில்லை. “நேத்து நடந்ததுக்குத்தான இப்படிப் பண்ணீங்க? யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னுட்டு ஊரு முன்னாடி இழுத்துட்டு வாரீங்க. அவங்க என் பேரக் கேட்டாங்க மிஸ், டேபிள்ல என் பேரக் கேட்டத நான் கேட்டேன். எங்க அம்மா இன்னும் எத்தன வருசத்துக்குப் பாகு காய்ச்சணும்? உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்.” நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், தட்டிவிட்டாள். “தொடாதீங்க. நீங்க எனக்கு மிஸ்ஸே கெடையாது. என் வாழ்க்கையவே கெடுத்துட்டீங்க.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டும், வாயைத் திறந்து கத்துகிறவளுக்கு உள்ளே காற்று போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது, எனக்கு அது மட்டும்தான் கேட்டது, என்னென்ன சொன்னாளோ. பச்சையாகக் கூட ஒன்று சொன்னாள், பக்கத்திலிருந்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டாள். தலை கவிழ்ந்துவிட்டது. என் உயிர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அவள் முன்னால் மண்டிபோட்டு விழுந்து மோவாயைப் பிடித்துத் தூக்கினேன். “ஏன்ட்டி நிறுத்திட்ட? திட்டு. இன்னும் திட்டு. செம்பகா, நிறுத்தாத, என்னயத் திட்டுட்டி!” கண்ணைத் திறந்தாள். அழுதுகொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கண் பெரிதாகி, உதடு துடிக்க ஆரம்பித்தது. “மிஸ்,” என்றாள், சின்னப்பிள்ளைக் குரலில், “எனக்கு என்ன மிஸ்?” இவ்வளவு நேரம் என்னிடம் மட்டும் இருந்த பயத்தை அவள் கையிலும் கொடுத்துவிட்டேன். ஆட்டோ வருகிறவரை அவள் என் கையை விடவில்லை.